திருடன் இடம் காலி

சந்திரன் மாமா எங்கள் வீட்டுக்கு வரும்போது தண்ணீர்ப் போத்தலோடுதான் வருவார். நீல மூடி போட்ட பழைய பிளாஸ்டிக் போத்தல். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து, போத்தலைக் காலுக்கு அருகில் வைத்துக்கொள்வார். பேச்சுக்கு நடுவே தாகம் எடுத்தால் தன் போத்தலைத் திறந்து தன் தண்ணீரைக் குடிப்பார். எங்கள் வீட்டிலும் குழாய் இருக்கிறது, ஐஸ்பெட்டி இருக்கிறது, விருந்தாளிக்கென்று அம்மா எடுத்துவைத்த கண்ணாடிக் குவளைகள் இருக்கின்றன. அவை எதுவும் மாமாவின் கண்ணில் படாது.

மாமா என் அம்மாவின் ஒரே தம்பி. சிம்பாங் அம்பாட்டில் குடியிருக்கிறார். தீவுக்கு வரும் கடல் பாலத்து நெரிசலில் ஊர்ந்து, வாரம் தவறாமல் சுங்கை பினாங்கில் இருக்கும் எங்கள் ஃபிளாட்டுக்கு அக்காவைப் பார்க்க வந்துவிடுவார். அம்மாவுக்கு மருந்து வாங்கி வருவார், மின்விசிறிக்கு எண்ணெய் விடுவார், ஒழுகும் குழாயைச் சரிசெய்வார். ஆனால் கை நனைக்கமாட்டார். கால் நூற்றாண்டுக்கும் மேலாக எங்கள் வீட்டில் ஒரு வாய் சோறோ ஒரு மிடறு தேநீரோ அவர் தொண்டையில் இறங்கியதில்லை.

சில மாதங்களுக்கு முன் ஒரு சனிக்கிழமை. காலை வெயில் இன்னும் சூடாகவில்லை. அம்மா அடுப்படியில் மீன் குழம்புக்குப் புளி கரைத்துக்கொண்டிருந்தார். மாமா தன் நாற்காலி நுனியில். என் மகள் கவி கணினி முன்னால் கால் மடக்கி உட்கார்ந்து, புது விளையாட்டு ஒன்றில் தனக்கான ஆளை உருவாக்கிக்கொண்டிருந்தாள்.

கவி பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலை அலுவலகத்தில் வேலை பார்க்கிறாள். ஐந்து நாள் அங்கே; மீதி இரண்டு நாள் குகையில். பாத்திரமேற்று ஆடும் விளையாட்டுகள்தான் அவளுக்கு உயிர். நாமே ஒரு வீரனையோ மந்திரக்காரியையோ உண்டாக்கி, கூட்டாளிகளைச் சேர்த்துக்கொண்டு, காடு மலை அலைந்து, அரக்கர்களை அடித்து, பெட்டிகளைத் திறந்து, கதையை நடத்திப் போக வேண்டும்.

திரையில் தொழில்களின் வரிசை ஓடியது. வீரன், பூசாரி, மந்திரவாதி. மாமா சட்டைப்பையிலிருந்து கண்ணாடியை எடுத்து மாட்டினார்.

"இதுல இன்னமும் திருடன் இருக்கானா?" என்று கேட்டார்.

அடுப்படியில் கரண்டிச் சத்தம் நின்றது. அந்த வார்த்தையை எங்கள் வீட்டில் யாரும் மாமாவுக்கு முன்னால் சொல்வதில்லை. செய்தித்தாளில் திருட்டுச் செய்தி வந்தால்கூட அம்மா பக்கத்தை மடித்துவைப்பார். அதை மாமாவே தன் வாயால் சொல்லிவிட்டார்.

கவிக்கு ஒன்றும் தெரியாது. உங்களுக்கும் தெரியாது. ஆகவே அவரை அப்படியே கண்ணாடியோடு உட்கார வைத்துவிட்டு, நாம் கொஞ்சம் பின்னால் போய்வருவோம்.

அப்பா மடியில் வந்த கணினி

சென்ற வாரம் இந்தப் பத்தியில் அப்பாவின் சைக்கிளைப் பற்றி எழுதியதைப் படித்துவிட்டு, 'உங்கள் அப்பா வேறு என்னவெல்லாம் வீட்டுக்குக் கொண்டுவந்தார்?' என்று ஒரு வாசகி கேட்டிருந்தார். வாசகி அம்மா, கேளுங்கள். கிளி கொண்டுவந்தார், உடைந்த ஆர்மோனியம் கொண்டுவந்தார், ஒரு நாள் கணினி கொண்டுவந்தார்.

அப்பாவின் பெயர் பரமசிவம். பட்டர்வொர்த் பக்கம் துறைமுகத்தில் சரக்கு எண்ணும் குமாஸ்தா. ஓர் அலுவலகத்தில் பழைய கணினியைத் தூக்கிப்போடப் பார்த்திருக்கிறார்கள். அப்பா கேட்டு வாங்கி, அட்டைப்பெட்டியில் வைத்து, ஃபெர்ரியில் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்து சேர்ந்தார். அலை அடித்தபோது பெட்டி நனைந்துவிடுமோ என்று தன் சட்டையைக் கழற்றி அதன்மேல் போட்டிருந்தார். வெறும் பனியனோடு வந்து நின்றவரைப் பார்த்து அம்மா முதலில் பயந்தே போனார்.

நான் அப்போது இடைநிலைப் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தேன். அம்மா கணினித் திரைக்கு விபூதி பூசி, நடுவில் குங்குமம் வைத்தார். குங்குமம் மட்டும் கடைசிவரை போகவில்லை. திரையில் எந்த அரக்கன் வந்தாலும் நெற்றியில் பொட்டோடுதான் வருவான்.

ஊருக்கு நடுவே இருந்த ஒரு கடையில், பெயர் கையால் எழுதி ஒட்டிய வட்டுகளில் ஒரு விளையாட்டு கிடைத்தது. விளக்கப் புத்தகம் கிடையாது. எந்த விசையை அமுக்கினால் என்ன ஆகும் என்பதை அமுக்கித்தான் தெரிந்துகொள்ள வேண்டும். அப்படித்தான் அப்பா முதல் நாளே ஒரு கடைக்காரனை வெட்டிவிட்டு, ஊர்க் காவலர்களிடம் அடி வாங்கிச் செத்தார்.

நான்கு பேர் கொண்ட படையை நாமே உண்டாக்க வேண்டும். அப்பாவுக்கு யோசனையே தேவைப்படவில்லை. வீட்டில் நாங்கள் நான்கு பேர்தான்: அப்பா, அம்மா, நான், சந்திரன் மாமா. மாமாவுக்கு அப்போது கல்யாணம் ஆகவில்லை. எங்கள் வீட்டுக் கூடத்தில் பாய் விரித்துப் படுப்பார், அம்மா கையால் சாப்பிடுவார், ஒரு தனியார் கிடங்கில் சாமான் பொறுப்பாளராக வேலை பார்த்தார்.

பெயருக்கு எட்டு ஆங்கில எழுத்துதான் இடம். பரமசிவம் 'பரமசி'யோடு நின்றுபோனார். சரஸ்வதி என்ற என் அம்மா 'சரஸ்வத்' ஆனார். தேவகி நான் முழுதாக நுழைந்தேன். சந்திரன் மாமா அளவெடுத்துத் தைத்தது போல எட்டில் அடங்கினார்.

அப்பா வீரன். அம்மா பூசாரி; காயத்தை ஆற்றுவது அவர் பொறுப்பு. நான் மந்திரவாதி. மிச்சம் இருந்தது திருடன். பூட்டைத் திறப்பது, பெட்டிக்குள் கண்ணி இருக்கிறதா என்று தடவிப் பார்ப்பது, இருட்டில் முதல் ஆளாகப் போவது எல்லாம் திருடன் வேலை. மாமா இடுப்பில் எப்போதும் கிடங்குச் சாவிக்கொத்து தொங்கும். சாவிக்கொத்து வைத்திருக்கிறவன்தான் பெட்டி திறக்க வேண்டும் என்று அப்பா சொன்னார். எனக்கும் அது நியாயமாகவே பட்டது.

மாமா அன்றைக்கு வீட்டில் இல்லை. அதன்பிறகும் அவர் அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. வேலை முடிந்து வந்ததும் சாப்பிட்டுப் படுத்துவிடுவார்.

"தம்பி சாப்பிட்டானா?"

இந்தக் காலத்துப் பிள்ளைகள் நம்பமாட்டார்கள். அந்த விளையாட்டில் முகம் கிடையாது. நான்கு பேரும் நான்கு குச்சி பொம்மைகள். 'உங்கள் எதிரே ஒரு கதவு' என்று எழுத்தில் வரும். கதவை நாம்தான் நினைத்துக்கொள்ள வேண்டும். நான் நினைத்துக்கொண்ட கதவு எங்கள் ஃபிளாட் மின்தூக்கியின் கதவு மாதிரியே இருந்தது. அது திறக்கும்போது கொஞ்சம் மூத்திர நாற்றம்கூட வந்ததாக ஞாபகம்.

முகம் இல்லாவிட்டாலும் வயிறு இருந்தது. நடக்க நடக்கப் பசிக்கும். சோறு தீர்ந்தால் ஆள் சுருண்டு விழுவான். இதைக் கேள்விப்பட்ட நாளிலிருந்து படையின் சாப்பாட்டுப் பொறுப்பை அம்மா எடுத்துக்கொண்டார். அவருக்கு விசை எதுவும் தெரியாது. அடுப்படியிலிருந்தே அதிகாரம்.

"தம்பி சாப்பிட்டானா?" என்று கேட்பார்.

அப்பா முறையிடுவார். முன்வரிசையில் நின்று அடி வாங்குவது நான், எனக்கல்லவா முதலில் தர வேண்டும் என்பார். நீங்கள்தான் ஃபெர்ரி ஏறும் முன்னால் மீ கோரிங் சாப்பிட்டுவிட்டு வந்தீர்களே என்று அம்மா வாயை அடைத்துவிடுவார். அப்பாவும் ரொட்டியை மாமாவுக்குத் தள்ளுவார். இப்படியாக, கூடத்தில் குறட்டை விட்டுத் தூங்கும் மாமா, திரைக்குள் எங்கள் எல்லாரையும்விடக் கொழுத்துத் திரிந்தார்.

உண்மையில் மாமாதான் எங்கள் படையின் நட்சத்திரம். அவர் தடவிப் பார்க்காமல் அப்பா ஒரு பெட்டியைத் தொடமாட்டார். கிடைத்த நல்ல காலணி, நல்ல அங்கி எல்லாம் மாமாவுக்குத்தான். எனக்குக் கடைசிவரை ஒரு கிழிந்த தொப்பி. பொறாமையாக இருந்தது என்று சொல்வதில் எனக்கு வெட்கமில்லை.

அந்தச் சாயங்காலம்

ஒரு நாள் பெரிய பெட்டி ஒன்று அகப்பட்டது. அதுவரை எங்களில் யாராலும் திறக்க முடியாமல் இருந்தது. மாமா, அதாவது திரைக்குள் இருந்த மாமா, கண்ணியை எடுத்துப் பூட்டைத் திறந்தேவிட்டார். அப்பா நாற்காலியிலிருந்து எழுந்து குதித்தார். அந்தச் சந்தோஷத்தை உடனே யாரிடமாவது சொல்லியாக வேண்டும். சரியாக அந்த நேரம் பார்த்து நடைபாதையில் மாமா வந்துகொண்டிருந்தார்.

அப்பா வாசலுக்கு ஓடினார். அக்கம்பக்கத்து வீட்டுக்காரர்கள் காற்றுக்காக வெளியே நின்றிருந்தார்கள்.

"வாய்யா திருடா, இன்னிக்கு நீ எப்பேர்ப்பட்ட பெட்டிய திறந்திருக்க தெரியுமா?" என்றார் அப்பா.

மாமாவின் முகம் வெளுத்துப் போனது. உள்ளே வந்தார். திரையில் தன் பெயரையும் அதற்குப் பக்கத்தில் இருந்த தொழிலையும் பார்த்தார். அதை எடுத்துவிடுங்கள் என்று மட்டும் சொன்னார். அம்மா தட்டு வைத்திருந்தார், சோறு ஆவி பறந்தது. மாமா உட்காரவில்லை. சில நாளில் துணிமணியை எடுத்துக்கொண்டு சிம்பாங் அம்பாட்டில் ஒரு நண்பரோடு தங்கப் போய்விட்டார்.

சும்மா கேலிக்குச் சொன்னதற்கு இத்தனை ரோஷமா என்று அக்கம்பக்கம் பேசிக்கொண்டது. மச்சான் மச்சானைக் கேலி செய்யாமல் வேறு யார் செய்வது என்று அப்பாவும் சொல்லிப் பார்த்தார். ஆனால் மாமா போன அன்று அப்பாவும் சாப்பிடவில்லை.

தாப்பாவ் ஒப்பந்தம்

மாமா அன்றே கேட்டபடி, அப்பா திருடனைப் படையிலிருந்து எடுத்துவிட்டார். பிறகு மூன்று பேராகவே போனோம். வேறொரு திருடனைச் சேர்க்கலாம் என்று நான் நச்சரித்தேன். எங்கள் கணக்கு வாத்தியார் பெயரை வைக்கலாம், பால்காரர் பெயரை வைக்கலாம், பெயரே இல்லாமல்கூட வைக்கலாம். அப்பா எதற்கும் அசையவில்லை.

"அது சந்திரன் எடம்," என்பார். அவ்வளவுதான்.

திருடன் இல்லாத படையின் நிலைமையை என்னவென்று சொல்வேன். பெட்டி கிடைத்தால் அப்பா வெறுங்கையால் திறப்பார். விஷ ஊசி குத்தும். அம்மா மந்திரம் போட்டுக் காப்பாற்றுவார். அடுத்த பெட்டியில் புகை வரும். மறுபடி மந்திரம். மூன்றாவது பெட்டியில் அம்மாவின் மந்திரம் தீர்ந்து, அப்பா நீலம் பாரித்துப் படுத்துவிடுவார். சமையலறையிலிருந்து அம்மா, "நான் எப்படி இருக்கேன்?" என்று கேட்பார். நீ விதவை ஆகிவிட்டாய் என்று அப்பா சொல்ல, அதற்கு வேறு தனியாகத் திட்டு விழும்.

கடைசியில் ஒரு பெரிய கதவு வந்தது. பூட்டிய கதவு. திருடன் இருந்தால்தான் திறக்கும். அதற்கு முன்னால் போய் மூன்று பேரும் நின்றோம். பல நாள் நின்றோம். பிறகு கணினியே உயிரை விட்டது. அந்தக் கதவுக்குப் பின்னால் என்ன இருந்தது என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

கொஞ்ச காலம் கழித்து மாமா அக்காவைப் பார்க்க வரத் தொடங்கினார். வந்தார், பேசினார், அப்பாவோடு பந்தாட்டம் பற்றி வாதம்கூடச் செய்தார். இப்போதுதான் சாப்பிட்டேன் என்பது மட்டும் மாறவில்லை. அம்மா அழுது பார்த்தார், சத்தியம் வாங்கப் பார்த்தார். பிறகு ஒரு நாள் மூளையைப் பயன்படுத்தினார். பொட்டலம் கட்டி எடுத்துப் போவதை எங்கள் ஊரில் தாப்பாவ் என்போம். அம்மா சோற்றையும் குழம்பையும் ஒரு டப்பாவில் போட்டு மூடி, மாமாவின் கையில் திணித்தார். மாமா டப்பாவைப் பார்த்தார். வாங்கிக்கொண்டார்.

அக்காவின் சமையலோடு அவருக்குச் சண்டை இல்லை. இந்தக் கூரையோடுதான் சண்டை. அன்றிலிருந்து வாராவாரம் அம்மாவின் மீன் குழம்பு பாலம் ஏறிச் சிம்பாங் அம்பாட்டுக்குப் போகிறது. அங்கே மாமா அதை ரசித்துச் சாப்பிட்டுவிட்டு, டப்பாவைப் பளபளவென்று கழுவித் திருப்பிக் கொண்டுவருகிறார்.

அப்பா சில வருடங்களுக்கு முன் இறந்தபோது பாடை தூக்கியவர்களில் முதல் ஆள் மாமா. சாவு வீட்டில் அடுப்பு எரியாது, அது அவருக்கு வசதியாகப் போயிற்று. கருமாதி அன்று பந்தியில் எல்லாருக்கும் ஓடி ஓடிப் பரிமாறினார். தான் உட்காரவில்லை. அம்மா அன்றைக்குத்தான் என்னிடம் மனம்விட்டுச் சொன்னார். நான் சாவதற்குள் என் தம்பி இந்த வீட்டில் ஒரு வேளை சாப்பிட வேண்டும், எனக்கு வேறு ஆசை இல்லை என்று. எனக்கு அதைக் கேட்க முடியவில்லை. எழுந்து போய்ப் பாத்திரம் கழுவினேன்.

இந்தக் காலத்துக் கூட்டாளிகள்

கவியின் விளையாட்டுகளைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்து வருகிறேன். நானும் ஆடுகிறேன், ரகசியமில்லை. அவள் வேலைக்குப் போன பிறகு அவளுடைய நாற்காலி எனக்குத்தான்.

முதலில் முகம். எங்கள் காலத்தில் ஆளை உண்டாக்க ஒரு நிமிடம் போதும். இப்போது மூக்கின் நீளம், இமையின் நிறம், தாடை எலும்பு என்று ஒரு முழுக் காலை போய்விடும். கல்யாணப் பெண்ணுக்கு அலங்காரம் செய்தால்கூட இவ்வளவு நேரம் ஆகாது. அப்படிப் பார்த்துப் பார்த்துச் செய்த முகத்துக்குக் கடைசியில் இரும்புத் தொப்பியைப் போட்டு மூடிவிடுகிறார்கள்.

அடுத்து, வழி. அப்போது தொலைந்தால் தொலைந்ததுதான். இப்போது வரைபடத்தில் இங்கே போ, அவனைப் பார், இதை எடு என்று அம்புக்குறி பிடித்துக் கூட்டிப்போகிறது. எனக்கு அது பிடிக்கவில்லை. ஆனால் அம்புக்குறி இல்லாமல் ஆடச் சொன்னால் அரை மணி நேரத்தில் கவியைக் கூப்பிடுகிறேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

தொழிலை மாற்றுவதும் இப்போது லேசு. முகாமில் இருக்கும் ஒருவனிடம் போய்ச் சொன்னால் திருடனைப் பூசாரியாக்கித் தந்துவிடுவான். அன்றைக்கு அப்படி ஒருவன் இருந்திருந்தால் எங்கள் வீட்டுக்கு எவ்வளவோ உபகாரமாக இருந்திருக்கும்.

எல்லாவற்றையும்விட எனக்கு ஆச்சரியம் கூட்டாளிகள். எங்கள் பொம்மைகள் வாய் திறக்காது. இப்போது வருகிறவர்கள் சொந்தப் பெயரோடும் சொந்தச் சோகத்தோடும் வருகிறார்கள். நாம் செய்வது பிடிக்காவிட்டால், 'இவருக்கு இது பிடிக்கவில்லை' என்று திரை ஓரத்தில் எழுத்து வருகிறது. முதல் தடவை பார்த்தபோது நான் கவியைப் பிடித்து நிறுத்தி, அந்த வரியை மறுபடி காட்டச் சொன்னேன். ஒரு மனிதன் எந்த இடத்தில் மனம் நொந்தான் என்று அப்போதே, அந்த இடத்திலேயே தெரிந்துவிடுகிறது. நாங்கள் பல வருடமாகத் தேடிய வரி அது.

உங்கள் விளையாட்டில் முகமே இல்லையே, எப்படிப் பாசம் வரும் என்று கவி ஒரு நாள் கேட்டாள். முகம் இல்லாததால்தான் எங்கள் முகத்தையே வைத்துக்கொண்டோம் என்று நான் சொன்னேன். அவள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பழைய ஆட்கள் அப்படித்தான் பேசுவார்கள் என்று நினைத்திருப்பாள்.

மறுபடியும் மாமா, கண்ணாடியோடு

இன்னமும் திருடன் இருக்கிறானா என்று மாமா கேட்டார் அல்லவா. "இருக்கான் தாத்தா, இப்ப அவனுக்கு ஸ்டைலா வேற பேரு," என்றாள் கவி. அதோடு விட்டாளா. நீங்கள் திருடனாக ஆடுகிறீர்களா என்று வேறு கேட்டுவைத்தாள். நான் பின்னாலிருந்து அவள் முதுகில் கிள்ளினேன்.

மாமா கோபப்படவில்லை. கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்தார்.

"அன்னிக்குக் காலையில ஸ்டோர்ல சாமான் காணோம்னாங்க," என்றார். திரையைப் பார்த்தேதான் பேசினார். "சாவி என்கிட்ட. எல்லார் முன்னாலயும் பையக் கொட்டச் சொன்னாங்க. சாயங்காலம் வரைக்கும் ஒரு ஸ்டூல்ல உக்கார வெச்சாங்க. அப்புறம் பாத்தா, சாமான் வேற ரூம்ல இருக்கு. போலாம்னு சொன்னாங்க, வேற ஒரு வார்த்தை இல்ல. வீட்டுக்குப் போனா சரியாயிடும்னு வந்தேன். மச்சான் வாசல்ல நின்னுக்கிட்டு வாய்யா திருடான்னாரு."

அம்மா கரண்டியோடு அடுப்படி வாசலில் நின்றார். கரண்டியிலிருந்து குழம்பு தரையில் சொட்டியது. ஏன் அன்றைக்கே சொல்லவில்லை என்று கேட்டார்.

"சொன்னா மச்சான் ஒடஞ்சு போயிருப்பாருக்கா. அவரு தெரியாமதான் சொன்னாருன்னு எனக்கும் தெரியும். ஆனா அன்னிக்கு அந்தச் சோத்துல கை வைக்க முடியல. அப்புறம் எப்படி ஆரம்பிக்கறதுன்னு தெரியாமலே போயிருச்சு லா."

இத்தனை வருடம் நாங்கள் ரோஷம் என்று பெயர் வைத்து, எங்களுக்குள்ளேயே சொல்லிச் சிரித்திருக்கிறோம். சிரித்ததை நினைத்துக் கஷ்டமாக இருந்தது. அப்பா இதைத் தெரிந்துகொள்ளாமலே போனாரே என்பது அதைவிடக் கஷ்டமாக இருந்தது.

என்னிடம் சொல்வதற்கு ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அதைச் சொன்னேன். மாமா, நீங்கள் போன பிறகு அப்பா அந்த இடத்தில் வேறு யாரையும் போடவில்லை என்றேன்.

மாமா திரும்பினார். "வேற ஆளே போடலயா?"

"போடல மாமா. அது சந்திரன் எடம்னு சொல்லிட்டாரு. கடைசி வரைக்கும் மூணு பேராத்தான் போனோம்."

"அப்ப பெட்டியெல்லாம் யாரு தெறந்தது?"

அப்பாதான் வெறுங்கையால் திறந்தார் என்றேன். விஷ ஊசியையும் புகையையும் நீலம் பாரித்ததையும் சொன்னேன். திறக்காத அந்தக் கதவையும் சொன்னேன். மாமாவின் தோள் லேசாகக் குலுங்கியது. அழுகிறார் என்று நினைத்துப் பதறினேன். சிரித்துக்கொண்டிருந்தார். கண்ணிலும் தண்ணீர் இருந்தது. மச்சானுக்கு எப்போதும் அவசரம்தான் என்றார்.

பரமசிவத்தின் மீசை

மாமா நாற்காலியை இழுத்துக் கணினிக்குப் பக்கத்தில் போட்டார். இந்தத் தடவை நுனியில் உட்காரவில்லை, நன்றாகச் சாய்ந்தே உட்கார்ந்தார்.

"கவி, திருடனையே போடு."

பெயர் என்ன வைப்பது என்று அவள் கேட்டாள்.

"பரமசிவம்," என்றார் மாமா. "முழுசாப் போகுதா பாரு."

போனது. ஒரு எழுத்துகூட வெட்டுப்படவில்லை. திரையில் முழுப் பரமசிவமும், பக்கத்தில் அவருடைய தொழிலும். மாமா அதை ஒரு முறை வாய்விட்டுப் படித்தார். அவர் முகத்தில் அப்படி ஒரு திருப்தியை நான் பார்த்ததில்லை. மச்சானுக்கு மச்சான் கடனைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

பிறகு முகம். ஒரு முழுக் காலை வீணாகும் என்று கேலி செய்தேன் அல்லவா, அந்த வேலை இப்போது எங்கள் தலையில் விழுந்தது. மூக்கு இன்னும் கொஞ்சம் அகலம் என்றார் மாமா. நெற்றி ஏறியிருக்கும் என்றேன் நான். அம்மா கரண்டியைக் கீழே வைத்துவிட்டு வந்து, மீசை அடர்த்தி போதாது என்றார். கவி ஏதோ ஒரு பொத்தானைத் தவறாக அமுக்கியதில் அப்பாவுக்குக் காது கூராக நீண்டுவிட்டது. மாற்றப் போனவளை அம்மா தடுத்தார். இப்படியாவது சொல்வது காதில் விழட்டும் என்றார்.

ஆட்டம் தொடங்கியது. கவி ஒரு வீராங்கனை, கூடவே புலம்பிக்கொண்டு வரும் இரண்டு கூட்டாளிகள், எல்லாருக்கும் முன்னால் இருட்டில் பதுங்கிப் போகும் அப்பா. கணினி எலியைப் பிடித்து நகர்த்துவது மாமா. முதல் பெட்டியிலேயே கண்ணி வெடித்து அப்பாவுக்குப் பாதி உயிர் போனது.

"பாத்துப் போங்க மச்சான்," என்றார் மாமா, மெதுவாக.

காயம் ஆற வேண்டுமென்றால் முகாம் போட்டுத் தூங்க வேண்டும். தூங்குவதற்கு முன் எல்லாருக்கும் சாப்பாடு எடுத்து வைக்க வேண்டும். எத்தனையோ மாறியும் இந்த ஒன்று மட்டும் மாறவில்லை. மாமா மூட்டையிலிருந்து ரொட்டியும் மீனும் ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். நெருப்பு எரிந்தது. கூர்க்காது அப்பா நெருப்புக்குப் பக்கத்தில் கால் நீட்டி உட்கார்ந்தார்.

"மச்சான் சாப்ட்டாரு," என்றார் மாமா, எங்கள் பக்கம் திரும்பி.

மேசைமேல் தாப்பாவ் டப்பா தயாராக மூடி வைக்கப்பட்டிருந்தது. அம்மா அதற்குப் பக்கத்தில் நின்றிருந்தார்.

"உன் மச்சான் சாப்ட்டாச்சில்ல. நீயும் வா."

மாமா காலடியில் இருந்த போத்தலைப் பார்த்தார். பிறகு எழுந்து நின்று, கை எங்கே கழுவுவது என்று கேட்டார். அதற்கு முந்தின மாதம் அந்தக் குழாயை மாற்றிக் கொடுத்ததே அவர்தான். அம்மா அதற்குள் டப்பாவைத் திறந்து சோற்றைத் தட்டில் கொட்டிக்கொண்டிருந்தார்.